எவ்வளவு என்று கேட்டார் அதிகாரி

2017 நவம்பரில், எங்கள் தேயிலை ஃபேக்டரியில் வர வேண்டிய பாக்கியைக் கேட்டு, குன்னூரில் நாங்கள் தூக்கிப் பிடித்திருந்த அட்டையில் இரண்டே வார்த்தைதான் இருந்தது: ‘நீதி வேண்டும்’. போஸ்டர் கலரில் என் மகள் எழுதிக் கொடுத்தது. வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கம் எப்படிக் கொட்டும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பத்து மணிக்குள் எழுத்து கரைந்து என் முழங்கை வரை நீலமாக வழிந்துவிட்டது. அறுபது பேர் இருந்தோம், பாதிக்கு மேல் பெண்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் எங்களில் ஐந்து பேரை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தார். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: “சரி, உங்களுக்கு எவ்வளவு வரணும்?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு அண்ணன் “மூணு மாசச் சம்பளம் சார்” என்றார். இன்னொருவர் “பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம்தான் சார்” என்றார், அதாவது வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும். மேல் லைனில் (தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்து வந்திருந்த அக்கா, “மக கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்தா போதும்ங்க” என்றார். அதிகாரி எதையும் எழுதவில்லை. “அம்மா, எனக்கு ஒரு எண் வேணும். ஆளுக்கு ஒரு எண். எத்தனை வருஷம், என்ன கூலி, எவ்வளவு பாக்கி. அது இல்லாம நான் யாரையும் எதுவும் கேட்க முடியாது” என்றார்.

பதினாறு வருடம் அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் நான். எனக்கு எவ்வளவு வரவேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைய அந்த மௌனத்தைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் எஸ்டேட் கொலக்கம்பைப் பக்கம். பெயர் வேண்டாம், இந்த மலையில் பல இடங்களில் இதேதான் நடந்திருக்கிறது. அப்பா இலங்கையில் பிறந்தவர். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த குடும்பம். அங்கே தேயிலை, இங்கேயும் தேயிலை. நான் 2001-இல், 24 வயதில், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி பிரிவில் சேர்ந்தேன். ராத்திரி ஷிஃப்டில் ட்ராஃபில் (இலை வாட்டும் தொட்டி) வாடிய இலையை ரோலருக்கு அனுப்பி, அது பச்சைத் தூளாக விழுந்து பெல்ட்டில் போகப் போகச் செம்பு நிறமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. வேலையைப் பிடித்துத்தான் செய்தேன்.

ஃபேக்டரி ஒரே நாளில் மூடவில்லை. ஒரு வருடமாகவே அறிகுறிகள் தெரிந்தன, நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை. பல் தேய்ந்த ரோலரைத் தீட்ட அனுப்புவது நின்றது. தூள் ஒரு சீராக விழவில்லை. ஹீட்டருக்கு விறகு கொண்டுவரும் லாரிக்காரர் முன்பணம் இல்லாமல் வரமாட்டேன் என்றார். வெளியிலிருந்து இலை கொடுக்கும் சிறு விவசாயிகளுக்குப் பணம் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தள்ளிப்போனது. ஏழாம் தேதிச் சம்பளம் இருபதாம் தேதி வந்தது. சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் மாதாமாதம் இருந்தது, பாஸ்புக்கில் ஏப்ரலுக்கு அப்புறம் வரவே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் எல்லோரும் தயவுசெய்து கவனியுங்கள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது வெறும் தாமதமல்ல, சட்டப்படி குற்றம். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, உமாங் செயலியில் மாதம் ஒரு முறை பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். போனில் பார்க்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். இரண்டு மாதம் வரவு இல்லை என்றால் அன்றைக்கே பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். நாங்கள் ஏழு மாதம் விட்டோம்.

அந்த ஜூன் மாதம் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்த நேரம். எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் கொடுக்கும் விழா வைத்தார்கள். முதலாளி குடும்பத்தின் இன்னொரு கம்பெனி பெயரில், ‘சமூகப் பொறுப்பு’ என்று கொட்டை எழுத்தில் பேனர். மாலை, போட்டோ, லட்டு. என் மகள் மேடையேறிப் பேக் வாங்கிக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேக் நல்ல பேக்தான், மழை தாங்கும். ஆனால் அந்த வாரம் அவளுக்கு நோட்டு வாங்க என்னிடம் பணம் இல்லை. எனக்குச் சேர வேண்டிய சம்பளத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதில் ஒரு துளியை எனக்கே தானமாகக் கொடுத்ததற்குக் கை தட்டியிருக்கிறேன் என்பது பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

பின்னால் சட்டத்தைப் படித்தேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. தன் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் செய்வதை ஒரு கம்பெனி இந்தக் கணக்கில் காட்டக் கூடாது. அதாவது, தொழிலாளிக்குச் செய்வது தர்மமல்ல, கடமை என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. கூலி, பி.எஃப்., கிராஜுவிட்டி, குடியிருப்பு, பிள்ளைக் காப்பகம் எல்லாம் கடமைப் பக்கம். பேக்கும் வாட்டர் ஃபில்டரும் அதற்கு மேலே. கடமைப் பக்கம் காலியாக இருக்கும்போது தர்மப் பக்கத்துக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. பெரிய கம்பெனிகள் இந்தச் செலவை எந்தத் திட்டத்துக்குச் செய்தோம் என்று தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். உங்கள் ஊரின் பெயர் அதில் இருந்தால், அந்த வேலை உண்மையிலேயே நடந்ததா என்று போய்ப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

குன்னூரில் இருந்து திரும்பிய அன்று ராத்திரி, மேல் லைன் அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூடி துருப்பிடித்துத் திறக்கவில்லை, கரண்டிக் காம்பை விட்டு நெம்பினோம். உள்ளே 1995-இல் இருந்து வந்த சம்பளச் சீட்டுகள். சில கறுத்திருந்தன, சில சாம்பிராணி வாசம் அடித்தன. பேர் விழுந்த நாள் (முழு நாள் கூலி), அரைப் பேர் (அரை நாள்), கூடுதல் கிலோ, அரிசிக்குப் பிடித்தம் என்று எல்லாம் ரைட்டர் கையெழுத்தில். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

கிராஜுவிட்டி கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தினக்கூலி ஆட்களுக்கு, கடைசியாக வாங்கிய ஒரு நாள் கூலியை 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்குச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, பிறகு அதே 15, அதே வருடம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு வருடம். அக்காவுக்கு 22 வருடம். கணக்குக்கு வசதியாகக் கூலி 300 என்று வைத்துக்கொண்டோம். 15 முறை 300 என்றால் 4,500. அதை 22-ஆல் பெருக்கினால் 99,000.

அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். “தொண்ணூத்தொம்பதாயிரமா தம்பி?” போன வாரம்தான் ஆபீஸில் அவரைக் கூப்பிட்டு, மொத்தமாக 35,000 தருகிறோம், எல்லாம் தீர்ந்தது என்று கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை போட்டுவிடலாம் என்று இருந்திருக்கிறார். இது கிராஜுவிட்டி மட்டும்தான். நிறுவனத்தை மூடினால் வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் தனி நஷ்டஈடு உண்டு என்று தொழிற்தகராறு சட்டத்தில் இருந்தது. முதலாளியின் கைமீறிய காரணத்தால் மூடினால் அதற்கு மூன்று மாத உச்சவரம்பு உண்டு, ஆனால் பண நெருக்கடி மட்டும் அப்படிப்பட்ட காரணம் ஆகாது என்று அதே பிரிவிலேயே விளக்கமும் இருந்தது. ஆபீஸில் எங்களிடம் சொன்னதெல்லாம் “நஷ்டம், அதனால் எதுவும் இல்லை” என்பதுதான்.

இரண்டு வாரத்தில் அறுபது பேருக்கும் கணக்குப் போட்டோம். ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம். இந்த வேலையில்தான் மற்ற கோளாறுகள் வெளிவந்தன. ஆதாரில் பெயரின் கடைசியில் ‘ள்’ இருக்கும், பி.எஃப்.-பில் இருக்காது. ஒருவருக்குப் பிறந்த தேதி மூன்று இடத்தில் மூன்று விதம். கணவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர். இதைச் சரிசெய்ய அப்போது கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் முதலாளி பக்கத்தின் கையெழுத்து வேண்டியிருந்தது. ஃபேக்டரி ஓடும்போது அது அரை மணி நேர வேலை. பூட்டிய பிறகு எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. வேலையில் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்ளுங்கள். பத்து வருடச் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷனும் உண்டு. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்தான், ஆனாலும் சாகும்வரை வரும் பணம். அது தெரியாமலே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஊர் எங்கள் பக்கம் முழுவதுமாக நிற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். டீக்கடையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார், “நீங்க கொடி பிடிச்சுத்தானே ஃபேக்டரி மூடுச்சு?” கோபம் வந்தது. ஆனால் கொடி பிடித்தது நவம்பரில், இலைப் பணம் நின்றது மார்ச்சில். இதை எங்களுக்காகச் சொன்னவர்கள் சிறு விவசாயிகள். பக்கத்து ஹட்டியில் (படகர் ஊர்) இருந்து ஒரு பெரியவர் வந்து, தன் இலைச் சீட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்து, “எனக்கும்தான் நாலு மாசம் தரணும்” என்றார். 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததில் இருந்து நீலகிரியில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதுவரை நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று நினைத்திருந்தோம். இலை கொடுத்தவரும் இலை அரைத்தவரும் ஒரே ஆபீஸ் பணம் தர வேண்டியவர்களின் பட்டியலில்தான் இருந்தோம். அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவுக்கு ஒன்றாகவே ஊட்டிக்குப் போனோம்.

முதலாளி பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குன்னூர் ஏலத்தில் தூளுக்கு விலை விழுந்தால் ஃபேக்டரி தாங்காது என்பதைப் பதினாறு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். நல்ல வருடங்களும் இருந்தன. அந்த வருடங்களின் லாபத்தில் கீழே ஒரு பங்களாவும் அதை ஒட்டி விருந்தினர் காட்டேஜ்களும் எழும்பின. கெட்ட வருடம் வந்தபோது அதன் முழுச் சுமையும் லைன் வீட்டின் மேல் விழுந்தது. ஏற்றத்தாழ்வு என்று பேசும்போது எனக்குக் கண்ணில் வருவது இதுதான்.

2011 செப்டம்பர் 17-இல் நியூயார்க்கில் சுகோட்டி பூங்காவில் ‘நாங்கள் 99 சதவீதம்’ என்று உட்கார்ந்தவர்களை ஃபேக்டரி கேன்டீன் டிவியில் பார்த்திருக்கிறேன். நவம்பர் 15-இல் அவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். உங்கள் கோரிக்கைதான் என்ன என்று அவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் அநியாயமும் இருந்தது, ஏனென்றால் ஒரு நாட்டின் ஏற்றத்தாழ்வை ஒரு மனுவில் அடக்க முடியாது. அவர்கள் சொன்ன ‘99 சதவீதம்’ என்ற சொல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது, அது பெரிய விஷயம். ஆனால் பாக்கி வசூலிக்க வேண்டிய எங்களுக்கு அந்த வழி உதவாது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், சாலையில் உட்கார்ந்தபோது அவர்கள் கையில் எண் இருந்தது. போனஸை 10 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள், எங்களுக்கு 20 வேண்டும் என்றார்கள். 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை என்று 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். தொழிலாளர்களைப் பாதரசம் பாதித்த கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விஷயத்திலோ 2001-இல் ஆலை மூடப்பட்டு, முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு வர 2016 ஆனது. உடம்பில் போன பாதரசத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அவர்கள் பட்ட கஷ்டம் எங்களுடையதைவிடப் பல மடங்கு.

வேலை போன மாதங்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. எங்கள் பகுதி பேரூராட்சி, அதனால் கிராமங்களுக்கான நூறு நாள் வேலை கிடைக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதால் உதவித்தொகையும் இல்லை. பத்தாவது தேறியவருக்கு அது மாதம் 300 ரூபாய்தான் என்றாலும் பதிவை விடாதீர்கள். குழுக் கடன் வைத்திருந்த பெண்களுக்குத்தான் முதல் அடி. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியவர்கள் இன்னும் மீளவில்லை. நான் எட்டு மாதம் திருப்பூரில் பேக்கிங் வேலைக்குப் போனேன். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறி, மேட்டுப்பாளையம் தாண்டிக் குளிர் அடிக்கும்போது அழுகை வரும்.

வீட்டுப் பிரச்சினையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். “லைன் வீட்டைக் காலி பண்ணுங்க, பணம் தர்றோம்” என்பார்கள். தோட்டங்களில் இது வழக்கமான பூட்டு. வீட்டைக் காலி செய்யாதவருக்குக் கிராஜுவிட்டியை நிறுத்தலாமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதனால் சண்டை போடாமல் தனித்தனியாக எழுதினோம். பணம் கேட்டு ஒரு கடிதம், வீட்டுக்கு அவகாசம் கேட்டு ஒரு கடிதம். இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம், நீங்களும் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலிலேயே அனுப்புங்கள். ஆபீஸ் பூட்டியிருந்து தபால் திரும்பி வந்தால், பிரிக்காமல் அந்தக் கவரை அப்படியே வைத்திருங்கள். எங்கள் வழக்கில் திரும்பி வந்த கவர்கள்தான் பேசின.

கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாண்டினால் வட்டி. கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் அதற்கான அதிகாரியிடம் மனு போட வேண்டும், எங்கள் காலத்தில் அதற்கு 90 நாள் கெடு இருந்தது. எங்களில் ஏழு பேர் தாமதமாகப் போட்டு, அதற்குத் தனியாகக் காரணம் எழுத வேண்டி வந்தது. அதிகாரி உத்தரவு போட்ட பிறகும் தராவிட்டால், கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு. இந்த வார்த்தையை எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொன்ன பிறகுதான் பேச்சுவார்த்தையே சூடு பிடித்தது. 2025 நவம்பர் 21-இல் இருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. சட்டப் பெயரும் பிரிவு எண்ணும் மாறிவிட்டன, அதனால் எங்கள் பழைய மனுவை அப்படியே பார்த்து எழுதாதீர்கள், அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். 15 நாள் கணக்கு மாறவில்லை.

2020 தொடக்கத்தில் உத்தரவு வந்தது, அடுத்த மாதமே ஊரடங்கும் வந்தது. 2021-இல்தான் இரண்டு தவணையாகப் பணம் வந்து சேர்ந்தது. மூடிய நஷ்டஈட்டில் பாதியைத்தான் ஒப்பந்தம் பேசி வாங்க முடிந்தது. பதினோரு பேருக்கு வட்டி இன்னும் பாக்கி. இதற்குள் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், டப்பா டப்பாவாக இலை வாசனையை முகர்ந்து பதம் சொல்லும் பெரியவர், நியமனதாரர் (நாமினி) பெயரே கொடுத்திருக்கவில்லை. அவர் பிள்ளைகள் வாரிசுச் சான்றுக்கு ஒரு வருடம் அலைந்தார்கள்.

அக்காவின் மகளுக்கு அதற்கு முன்பே, கடன் வாங்கித்தான், கல்யாணம் முடிந்திருந்தது. பணம் வந்ததும் அந்தக் கடனை அடைத்தார். மிச்சத்தில் ஒரு மாடு வாங்கினார்.

போன மாதம் அக்கா வேறு எஸ்டேட்டில் இருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அங்கேயும் சம்பளம் இருபதாம் தேதிக்குப் போய்விட்டதாம். அந்தப் பெண் சம்பளச் சீட்டுகளை வருடவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் நோட்டை எடுப்பதற்குள் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். கூலி, 15, வருடம், மொத்தம் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தது. சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. “யார் போட்டது?” என்றேன். “அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்” என்றார்.